ஒரு விதியை மாற்றிப் பாருங்கள்!



புதுச்சேரி நகரில் மாலை வேளைகளில் ஒரு காட்சியைக் காணலாம். மண் தரையில் சிலர் கூடியிருப்பார்கள். ஒருவர் சிறு வட்டம் ஒன்றினுள் இரு கால்களையும் ஊன்றி நிற்பார். கையில் பளபளக்கும் இரும்புக் குண்டு இருக்கும். உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, குண்டை மெல்ல வீசுவார். அது சற்றுத் தொலைவில் விழுந்து, உருண்டு, ஒரு சிறிய மரக் குண்டின் அருகே போய் நிற்கும். உடனே எல்லோரும் அங்கே சென்று குனிந்து பார்ப்பார்கள். யாருடைய குண்டு அதிக அருகில் இருக்கிறது என்று நாடாவால் அளப்பதும் உண்டு. தாத்தாவும் பேரனும் ஒரே அணியில் நின்று ஆடக்கூடிய ஆட்டம் அது.

அதன் பெயர் பெத்தாங்க். புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்தத் தொடர்பினால் இந்த மண்ணில் வேரூன்றிய ஆட்டம் இது.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் விளையாட்டு வடிவமைப்பு என்பது ஒரு பாடம். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1998இல் தொடங்கிய ஒரு மையத்தில் இதுவும் கற்பிக்கப்படுகிறது. நம் நாட்டில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூர் வளாகத்தில் கணினி விளையாட்டு வடிவமைப்பு முதுநிலைப் படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. 'அங்கே முதல் நாளே கணினி முன் உட்கார வைப்பார்கள்' என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் இத்தகைய பாடங்கள் பெரும்பாலும் காகிதம், அட்டை, பகடை, காய்கள் ஆகியவற்றுடனேயே தொடங்குகின்றன. அந்த முதல் பாடத்தைத்தான் இப்போது நாம் படிக்கப் போகிறோம். அதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல ஆசிரியர் பெத்தாங்க்.

நண்பருக்காக மாறிய விதி

முதலில் ஒரு கதை. பிரான்சின் தென்கடற்கரையில் லா சியோட்டா என்று ஓர் ஊர் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்த வட்டாரத்தில் வேறொரு குண்டு ஆட்டம் பரவியிருந்தது. அதில் இலக்குக் குண்டு 15 முதல் 21 மீட்டர் தொலைவில் இருக்கும். எதிரியின் குண்டை அடித்து விரட்ட வேண்டுமானால் மூன்று அடி ஓடி வந்து வீச வேண்டும். இலக்கின் அருகே குண்டை வைக்க வேண்டுமானால் ஓரடி எடுத்து வைத்து, ஒற்றைக் காலில் நின்று வீச வேண்டும். உடல் வலிமையும் கால் வலிமையும் உள்ளவர்களுக்கே ஏற்ற ஆட்டம்!

ழூல் லெனுவார் என்பவர் அந்த ஆட்டத்தில் தேர்ந்தவர். ஆனால் மூட்டு வாத நோய் அவரை முடக்கியது. ஓட முடியவில்லை, ஒற்றைக் காலில் நிற்கவும் முடியவில்லை. ஆடுகளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பிறர் ஆடுவதைப் பார்ப்பதே அவர் வேலையாயிற்று. அவருடைய நண்பர் எர்னஸ்ட் பித்தியோ இதைக் கண்டார். ஆட்டத்தின் விதியையே மாற்றினார். 'யாரும் ஓட வேண்டாம். எல்லோரும் ஒரு வட்டத்தினுள் இரு கால்களையும் ஊன்றி நின்றே வீசுவோம். தொலைவையும் குறைத்துக்கொள்வோம்' என்பதே அந்த மாற்றம்.

புதிய ஆட்டத்துக்கு 1910இல் லா சியோட்டாவில் போட்டி நடந்தது. 'ஊன்றிய கால்கள்' என்று பொருள்படும் அந்த வட்டார மொழிச் சொற்களிலிருந்தே பெத்தாங்க் என்ற பெயர் பிறந்தது. 1958இல் இதற்கு ஒரு சர்வதேசக் கூட்டமைப்பும் ஏற்பட்டது. பழைய ஆட்டம் இன்றும் தென் பிரான்சில் இருக்கிறது. ஆனால் கடல் கடந்து பல நாடுகளுக்குப் போனது, ஓட முடியாத ஒருவருக்காக மாற்றப்பட்ட ஆட்டமே!

ஆட்டத்தைப் பிரித்துப் பார்ப்போம்

கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய வேண்டுமானால் அதைப் பிரித்துப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல ஓர் ஆட்டத்தையும் பிரிக்கலாம். பெத்தாங்கைப் பிரித்தால் என்னென்ன கிடைக்கும்?

கருவிகள்: இரும்புக் குண்டுகள். ஒவ்வொன்றும் 650 முதல் 800 கிராம் எடை, விட்டம் 7.05 முதல் 8 சென்டிமீட்டர். இலக்காக ஒரு மரக் குண்டு. அதன் விட்டம் சுமார் 3 சென்டிமீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் இதைச் செல்லமாகப் 'பன்றிக்குட்டி' என்கிறார்கள்!

களம்: ஏறக்குறைய சமமான தரை. இலக்கு 6 முதல் 10 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். வீசுபவர் நிற்கும் வட்டத்தின் குறுக்களவு சுமார் அரை மீட்டர்.

நோக்கம்: உங்கள் குண்டு எதிரணியின் குண்டை விட இலக்குக்கு அருகில் இருக்க வேண்டும். ஒரு சுற்றின் முடிவில், எதிரணியின் மிக அருகான குண்டை விட அருகில் உங்களுக்கு எத்தனை குண்டுகள் இருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள். முதலில் 13 புள்ளிகள் எடுப்பவருக்கு வெற்றி.

விதிகள்: குண்டு தரையைத் தொடும் வரை கால்கள் வட்டத்தினுள் ஊன்றியிருக்க வேண்டும். இருவர் ஆடினால் ஆளுக்கு மூன்று குண்டுகள். அணிக்கு மூவர் என்றால் ஆளுக்கு இரண்டு.

கருவி, களம், நோக்கம், விதி. உங்களுக்குத் தெரிந்த எந்த ஆட்டத்தையும் இந்த நான்கு தலைப்புகளில் எழுதிவிடலாம். கில்லி, பல்லாங்குழி, சடுகுடு, கிரிக்கெட் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

விதி, ஆட்டப்போக்கு, உணர்ச்சி

பிரித்துவிட்டோம். இனி, இந்த உறுப்புகள் சேர்ந்து எப்படி இயங்குகின்றன?

2004இல் ராபின் ஹுனிக்கே, மார்க் லெப்ளாங்க், ராபர்ட் சுபெக் என்ற மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். விளையாட்டு வடிவமைப்பு வகுப்புகளில் இன்றும் அது படிக்கப்படுகிறது. அதன் சாரம் இதுதான். ஓர் ஆட்டத்தில் மூன்று அடுக்குகள் உள்ளன. அடியில் இருப்பவை விதிகள். அந்த விதிகளைக் கொண்டு மனிதர்கள் ஆடும்போது உண்டாவது ஆட்டப்போக்கு. அதிலிருந்து ஆடுபவர் மனத்தில் எழுவது உணர்ச்சி. ஆடுபவர் முதலில் உணர்ச்சியை அறிகிறார். 'அடடா, என்ன பரபரப்பு!' என்கிறார். வடிவமைப்பவரோ பரபரப்பை நேராகச் செய்து தர முடியாது. அவர் கை வைக்கக்கூடிய இடம் விதிகள் மட்டுமே.

பெத்தாங்கில் ஒரு விதியைப் பார்ப்போம். அடுத்து வீச வேண்டியது யார்? சதுரங்கத்தில் நீங்கள் ஒரு முறை, நான் ஒரு முறை. பெத்தாங்கில் அப்படியில்லை. யாருடைய குண்டு இலக்குக்கு அருகில் இருக்கிறதோ அந்த அணி காத்திருக்கும். பின்தங்கிய அணியே வீச வேண்டும். அது முந்தும் வரையிலோ, அதன் குண்டுகள் தீரும் வரையிலோ வீசிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே வாக்கியத்தில் அடங்கும் விதி. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பின்தங்கியவருக்கு உடனே வாய்ப்புக் கிடைக்கிறது. ஆகவே அவர் சோர்வதில்லை. அதே நேரத்தில் அவருடைய குண்டுகள் செலவாகின்றன. முந்தியவரின் குண்டுகள் பத்திரமாகக் கையில் இருக்கின்றன. எனவே பின்தங்கியவர் யோசிக்க வேண்டும். குண்டை இலக்கின் அருகே உருட்டுவதா, எதிரியின் குண்டை அடித்து விரட்டுவதா? இந்தத் தடுமாற்றம் விதிப் புத்தகத்தில் எங்கும் எழுதப்படவில்லை. விதியிலிருந்து தானே விளைந்தது. இதுவே ஆட்டப்போக்கு.

முடிவெடுக்க இடம் வேண்டும்

இப்போது நம் வீட்டு ஆட்டங்களுக்கு வருவோம். பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகடையை உருட்டுகிறோம், விழுந்த எண்ணுக்கேற்பக் காயை நகர்த்துகிறோம். ஏணி வந்தால் ஏற்றம். பாம்பு வந்தால் இறக்கம். இதில் நீங்கள் எடுக்கும் முடிவு என்ன? ஒன்றுமே இல்லை! உங்களுக்குப் பதிலாக வேறு யாரோ பகடையை உருட்டினாலும் ஆட்டத்தில் எந்த வேறுபாடும் இராது. ஆகவே ஐந்து வயதுக் குழந்தையும் பாட்டியும் சரிசமமாக ஆடலாம். அது அந்த ஆட்டத்தின் சிறப்பு. ஆனால் மறுநாள் நேற்றை விட நன்றாக ஆட முடியாது. கற்றுக்கொள்ள அதில் ஏதும் இல்லை.

ஆடு புலி ஆட்டம் இதற்கு நேர்மாறு. அங்கே பகடையே கிடையாது. நம் ஊரில் வழக்கமாக 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு வெட்ட முடியாது. கூட்டமாகச் சேர்ந்து புலியை நகரவிடாமல் மடக்க வேண்டும். இரு தரப்பும் ஒன்றுபோல் இல்லை, ஆனாலும் ஆட்டம் நடக்கிறது. நேபாளத்தில் இதன் உறவான ஓர் ஆட்டம் உண்டு. அதில் 4 புலிகள், 20 ஆடுகள். அதைக் கணினி கொண்டு ஆராய்ந்தவர்கள், இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வியின்றி முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். பலம் வேறு, எண்ணிக்கை வேறு. ஆயினும் தராசு சாயவில்லை. எந்தக் கணினியும் இல்லாத காலத்தில், ஆடி ஆடியே மக்கள் இந்த எண்ணிக்கைகளைக் கண்டடைந்திருக்க வேண்டும்!

தாயம் விழவில்லையே!

விளையாட்டு வடிவமைப்பில் கணிதமும் உண்டு. தாயக்கட்டையைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம்.

இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகங்கள். அவற்றில் 1, 2, 3 புள்ளிகளும் ஒரு வெற்று முகமும் இருக்கும். ஒரு கட்டையில் நான்கு விதமாகவும் மற்றதில் நான்கு விதமாகவும் விழலாம்; ஆக மொத்தம் 4 × 4 = 16 வகைகள். தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டுமானால் ஒரு கட்டையில் 1, மற்றதில் வெற்று. இது இரண்டு வகையில் நேரலாம். எனவே தாயம் விழும் வாய்ப்பு 16இல் 2. அதாவது 8இல் 1.

தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம் என்பது விதி. எட்டு முறை உருட்டினால் எப்படியும் விழுந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? ஒரு முறை விழாமல் போகும் வாய்ப்பு 7/8. எட்டு முறையும் விழாமல் போகும் வாய்ப்பு 7/8ஐ எட்டுத் தடவை பெருக்கினால் வருவது. பெருக்கிப் பாருங்கள், சுமார் 0.34 வரும். அதாவது நூறு பேர் எட்டு முறை உருட்டினால், அவர்களில் ஏறத்தாழ 34 பேர் இன்னும் காயையே இறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் தங்கை 'எனக்கு மட்டும் விழவே மாட்டேங்குது' என்று அழுதாளானால், அவள் கையில் குற்றமில்லை, விதி அப்படி!

விதியைச் சற்று மாற்றுவோம். தாயம் அல்லது ஐந்து விழுந்தால் காயை இறக்கலாம் என்போம். ஐந்து விழுவதும் இரண்டு வகையில் நேரும் (2, 3 அல்லது 3, 2). இப்போது வாய்ப்பு 16இல் 4. அதாவது 4இல் 1. எட்டு முறையும் விழாமல் போகும் வாய்ப்பு 3/4ஐ எட்டுத் தடவை பெருக்கினால் கிடைக்கும். அது சுமார் 0.10. காத்திருப்போர் 34இலிருந்து 10 ஆகக் குறைந்துவிட்டனர்.

அப்படியானால் எந்த எண் விழுந்தாலும் இறக்கலாம் என்று வைத்துவிடலாமே? வைக்கலாம். ஆனால் ஒன்றை இழப்போம். தாயம் விழுந்ததும் வீடே அதிரும்படி எழும் கூச்சல் இருக்கிறதே, அது போய்விடும். காத்திருந்ததால்தான் அந்த மகிழ்ச்சி. எவ்வளவு காத்திருக்கச் செய்யலாம், எங்கே அது சலிப்பாகிறது என்ற எல்லையைக் காண்பதே வடிவமைப்பவரின் வேலை. அந்த எல்லையைக் கணக்கு மட்டும் காட்டாது. ஆடிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

ஆடிச் சோதித்தல்

வடிவமைப்பு மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி இதுவே. ஓர் ஆட்டத்தின் மாதிரியைக் காகிதத்தில் செய்கிறார்கள். அதை அறியாத சிலரை அழைத்து ஆடச் சொல்கிறார்கள். தாங்கள் வாய் திறக்காமல் அருகிலிருந்து கவனிக்கிறார்கள். வாய் திறக்காமல் இருப்பதுதான் கடினம்! 'அப்படியில்லை, இப்படி ஆடு' என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லக் கூடாது. ஆடுபவர் குழம்பினால், குறை அவருடையதன்று. விதி தெளிவாக இல்லை என்று பொருள்.

கவனித்ததைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். எங்கே தயங்கினார்கள்? எங்கே சண்டையிட்டார்கள்? எங்கே சிரித்தார்கள்? யாருக்கு வாய்ப்பே வரவில்லை? பிறகு ஒரு விதியை மாற்றி மீண்டும் ஆடச் செய்ய வேண்டும். ஒரே ஒரு விதியைத்தான் மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்யும்போது மற்றவற்றை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? வெப்பநிலையையும் அழுத்தத்தையும் ஒன்றாக மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று தெரியாது. ஆட்டத்துக்கும் அது பொருந்தும். விளையாட்டு வடிவமைப்பும் ஓர் அறிவியல் சோதனையே எனலாம்.

செய்து பாருங்கள்

தேவையானவை: மணல் நிரப்பிக் கட்டிய, கைக்குள் அடங்கும் துணிப் பைகள் 6 (ஒரு நிறத்தில் 3, மற்றொரு நிறத்தில் 3), இலக்காக ஓர் எலுமிச்சம்பழம், ஒரு நாடா, குறிப்பேடு.

தரையில் அரை மீட்டர் அகல வட்டம் வரையுங்கள். இலக்கை 6 மீட்டர் தொலைவில் வையுங்கள். இருவர் ஆடட்டும், ஆளுக்கு மூன்று பைகள். வீசும் வழியில் யாரும் நிற்கக் கூடாது. முதலில் பெத்தாங்க் விதிப்படி, பின்தங்கியவரே வீசும் முறையில் 10 சுற்றுகள் ஆடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை முறை முன்னிலை கைமாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த விதியை மட்டும் மாற்றி, ஆளுக்கு ஒரு முறை மாறி மாறி வீசும் முறையில் இன்னும் 10 சுற்றுகள் ஆடுங்கள். எதில் முன்னிலை அதிகம் கைமாறியது? எதில் பரபரப்பு அதிகம்? இரண்டும் ஒன்றாகவே அமைந்தனவா?

விடையை நான் சொல்லப் போவதில்லை. மணல் பை உருளாது. இரும்புக் குண்டு உருளும். ஆகவே புதுச்சேரி மைதானத்தில் கிடைக்கும் விடையும் உங்கள் பள்ளி மைதானத்தில் கிடைக்கும் விடையும் வேறுபடலாம். கருவி மாறினாலும் ஆட்டம் மாறும் என்பதற்கு அதுவே சான்றாகும்.

ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்?

இறுதியாக ஒரு கேள்வி. உங்கள் பள்ளியில் விளையாட்டு நேரத்தில் எல்லோரும் ஆடுகிறார்களா? சுவரோரம் உட்கார்ந்து புத்தகப் பைகளுக்குக் காவல் இருக்கும் மாணவர் ஒருவராவது இருப்பார். கால் சரியில்லாதவராக இருக்கலாம். மூச்சிரைப்பு உள்ளவராக இருக்கலாம். 'உனக்கு ஆட வராது' என்று நாமே ஒதுக்கியவராகவும் இருக்கலாம். அவருக்கு ஆட வராது என்று சொல்லும்போது, நாம் விதியை மலைபோல் அசையாத ஒன்றாக எண்ணிவிடுகிறோம். விதிகள் இயற்கை தந்தவை அல்ல. புவியீர்ப்பை யாரும் மாற்ற முடியாது. ஆட்ட விதியை மாற்றலாம். அதை மனிதர்கள் வகுத்தார்கள், மனிதர்களே திருத்தலாம்.

பெத்தாங்கின் சர்வதேச விதிகளில் இன்று ஒரு வரி உண்டு. சக்கர நாற்காலியில் இருந்து ஆடுபவர், வீசும் கையின் பக்கத்துச் சக்கரத்தை வட்டத்தினுள் வைத்தால் போதும். ழூல் லெனுவாருக்காக வரையப்பட்ட வட்டம், அவரால் ஊன்ற முடிந்த கால்களையும் ஊன்ற முடியாதவர்களுக்கு இப்படி இடம் தந்திருக்கிறது.

ஆகவே நாளைய விளையாட்டு நேரத்தில் ஒரு பயிற்சி. சுவரோரம் இருக்கும் அந்த நண்பரிடம் போய், 'நாங்கள் ஆடும் ஆட்டத்தில் எந்த ஒரு விதியை மாற்றினால் நீயும் ஆடலாம்?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் விதியை மாற்றி அவரோடு ஆடிப் பாருங்கள். என்ன நடந்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். விளையாட்டு வடிவமைப்பில் உங்கள் முதல் பாடம் அன்றே முடிந்துவிடும்.